ரிஸ்னெஸ் எடுத்த முதல் முகம்

தர்மினி மறுபடி வேலைக்குப் போன அன்று ஆய்வுகூடத்தில் எல்லாரும் அவளோடு மெதுவாகக் கதைத்தார்கள். ஒருவர் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். இன்னொருவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். குழந்தை என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, நவம்பர் மாதம், அவளுடைய மகள் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனாள். இப்போது பெப்ரவரி. சன்னலுக்கு வெளியே ஒஸ்லோவின் பனி சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

அவள் படித்தது இரசாயனவியல். அருங்காட்சியகம் ஒன்றில் மிகப் பழைய புகைப்படங்களை ஆராய்ந்து, அவை மேலும் கெட்டுப்போகாமல் காப்பது அவள் வேலை. அன்று அவளுடைய மேசையில் உள்ளங்கையளவு தோல் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் ஸொல்வி. வசந்தத்தில் திறக்கவிருந்த கண்காட்சிக்குப் பொறுப்பானவள்.

"இதை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா?" என்று ஸொல்வி நோர்வேஜிய மொழியில் கேட்டாள். "படத்தில் இருப்பது ஒரு குழந்தை. அதனால் கேட்கிறேன்."

"யார் எடுத்தது?"

"ரிஸ்னெஸ்."

"அப்படியென்றால் நான்தான் பார்க்க வேண்டும்" என்றாள் தர்மினி.

பேடர் ரிஸ்னெஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது. அவருடைய தகடுகளை ஆராய்ந்துதான் அவள் கலாநிதிப் பட்டம் பெற்றாள். மேற்குக் கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் ரிஸ்னெஸ். பத்து வயது தாண்டியதும் கிறிஸ்தியானியாவுக்கு, அதாவது இன்றைய ஒஸ்லோவுக்கு வந்து, ஒரு மருந்துக் கடையில் போத்தல் கழுவினார். கடைக்காரரே அவரைப் படிப்பித்தார். முப்பது வயதில் இரசாயன ஆசிரியரானார். வெள்ளித் தகட்டில் ஒளியைப் பிடிக்கலாம் என்ற செய்தி 1839இல் பாரிசிலிருந்து வந்தபோது, வாசித்த கையோடு வீட்டுச் சமையலறையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல மினுக்கி, அயடீன் ஆவியில் காட்டுவார். அதைக் கமராவில் வைத்து வெளிச்சம் காட்டுவார். பிறகு சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் பிடித்தால் படம் மெல்ல எழும்பி வரும்.

ஆனால் தகடு மிகவும் மந்தமானது. வடக்கு நாட்டு வெளிச்சத்தில் ஒரு படத்துக்குக் கால் மணி நேரம்வரை கமராவைத் திறந்து வைக்க வேண்டும். வீடும் மரமும் அதற்குப் பொறுத்திருக்கும். மனிதர் பொறுக்கமாட்டார்கள். அயடீனோடு புரோமீன் என்ற கபில நிறத் திரவத்தின் ஆவியையும் சேர்த்தால் தகடு வேகமாகும் என்று ரிஸ்னெஸ் தானாகவே கண்டுபிடித்தார். கால் மணி நேரம் அரை நிமிடமாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு அவர் எடுத்ததெல்லாம் குழந்தைகளைத்தான். தாயின் மடியில் குழந்தை, நாயைக் கட்டிப்பிடித்த குழந்தை, அழத் தொடங்கும் குழந்தை. புரோமீன் ஆவி நெஞ்சைத் தின்றுவிடும். நாற்பத்து நான்கு வயதில் இருமி இருமியே இறந்துபோனார்.

இந்த வேகத் தகட்டை அவர் ஏன் கண்டுபிடித்தார் என்று கேட்டால், எல்லாப் புத்தகங்களும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: விஞ்ஞான ஆர்வம், ஐரோப்பாவோடு போட்டி. தர்மினியும் தன் ஆய்வேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

பெட்டியிலிருந்த தகடு அவருடைய சந்ததியில் ஒருவரிடம் இத்தனை காலமும் இருந்தது. அது அருங்காட்சியகத்துக்கு வந்தது ஒரு மாதத்துக்கு முன்னர்தான். 'தூங்கும் குழந்தை, வேகத் தகடு' என்று ஸொல்வி தற்காலிகமாகப் பெயரிட்டிருந்தாள். கண்காட்சிச் சுவரொட்டிக்கும் அதையே தெரிந்தெடுத்திருந்தாள். அத்தனை தெளிவான குழந்தை முகம் அந்தக் காலத்துப் படமெதிலும் இல்லை.

தர்மினி பெட்டியைத் திறந்தாள். எட்டு ஒன்பது மாதக் குழந்தை. தலையணையில் முகம் சற்றே சரிந்திருந்தது. வாய் மூடியிருந்தது. ஒரு கை போர்வைக்கு வெளியே. நெஞ்சின்மேல் லேஸ் விளிம்பு வைத்த துணி.

அவள் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். கண்ணிமை, மூக்கு, உதடு எல்லாம் தெளிவாக இருந்தன. கீழே நகர்த்தினாள். லேஸில் ஒவ்வொரு தையலும், ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரிந்தன. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.

தகட்டைத் தொடாமலே அதில் என்னென்ன மூலகங்கள் உண்டென்று சொல்லும் எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது. அவள் தகட்டின் விளிம்புகளை அதில் பார்த்தாள். ரிஸ்னெஸின் குழந்தைப் படங்கள் எல்லாவற்றிலும் சட்டத்துக்குள் மறைந்த விளிம்பில் புரோமீனின் மிச்சம் கொஞ்சமாவது இருக்கும். இதில் இல்லை. இன்னொரு மூலையில் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பிந்திய படங்களுக்கு அவர் போடும் தங்க மெருகும் இதில் இல்லை. வெள்ளி, செம்பு, பாதரசம், அயடீன். அவ்வளவுதான்.

அப்படியென்றால் இது வேகத் தகடு இல்லை. 1840இன் பழைய, மந்தமான தகடு. சன்னலோரம் கால் மணி நேரம் கமரா திறந்திருந்திருக்கிறது.

அவள் மறுபடி நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். தூங்கும் குழந்தைக்கு நெஞ்சு ஏறி இறங்கும். கால் மணி நேரம் அது ஏறி இறங்கினால் அந்த லேஸ் ஒரு வெள்ளைப் புகையாகத்தான் விழும். இந்த லேஸில் ஒரு நூலும் அசையவில்லை.

ரிஸ்னெஸுக்கு மார்தெ என்றொரு மகள் இருந்தாள், 1840இன் கோடையில், ஒரு வயது ஆகும் முன்னரே இறந்தாள் என்பது தர்மினிக்கு முன்பே தெரியும். ஆய்வேட்டில் அதை அடிக்குறிப்பாக ஒரு வரியில் எழுதியிருந்தாள்.

எழுந்து களஞ்சிய அறைக்குப் போனாள். அங்கே ரிஸ்னெஸின் தொடக்க காலத் தகடுகள் சில, 'பிழையாய்ப்போன முயற்சிகள்' என்ற குறிப்போடு ஒரு பெட்டியில் கிடந்தன. ஒன்றை வெளியே எடுத்தாள். சன்னலோரம் ஒரு தொட்டில். தொட்டிலின் மரச் சட்டம் தெளிவாக இருந்தது. உள்ளே, தலை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மங்கிய வெண்கலக்கம். அடுத்த தகட்டிலும் அதே தொட்டில், அதே கலக்கம், சற்றுப் பெரிதாக. மூன்றாவதில் கலக்கத்திலிருந்து கைபோல ஏதோ ஒன்று மேலே எழும்பியிருந்தது.

எத்தனையோ தடவை அவள் இந்தத் தகடுகளைக் கையில் எடுத்திருக்கிறாள். மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதிவைத்தவளும் அவள்தான். மருந்தில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கலக்கம் மார்தெ. உயிரோடு கிடந்து காலை உதைத்து, தகப்பனைப் பார்த்துச் சிரித்து, ஒரு கணமும் சும்மா இருக்காத மார்தெ. அவர் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார். அவள் இறந்த பிறகுதான் படம் விழுந்திருக்கிறது.

ஸொல்வி தேடிக்கொண்டு வந்தபோது தர்மினி களஞ்சிய அறையின் தரையில் இருந்தாள். தகடுகளைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுத்தான் கீழே அமர்ந்திருந்தாள்.

"அது தூங்கவில்லை, ஸொல்வி" என்றாள்.

ஸொல்வி அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, சொன்னதையெல்லாம் கேட்டாள். சுவரொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கால் மணி நேரமும் நின்றிருப்பார்" என்றாள் தர்மினி. "நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை."

அது உண்மை. நவம்பரில் ஆஸ்பத்திரியில் இரத்தம் நிற்காமல் போனதால் அவளை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அவள் கண் விழித்தபோது நோரா என்ற மருத்துவிச்சி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "பார்க்கிறீர்களா? விரும்பினால் சில படங்கள் எடுத்துத் தரலாம். பலர் பிறகு கேட்பார்கள்" என்றாள். அம்மா பூமணி கட்டிலின் தலைமாட்டில் நின்றார். "வேண்டாம் பிள்ளை. பாத்தால் கண்ணுக்குள்ளையே நிக்கும். செத்த பிள்ளையின்ர படத்தை ஆரும் வீட்டிலை வைச்சிருப்பினமோ?" என்றார். கணவன் கிருஷிகன் நோராவைப் பார்த்து, "வேண்டாம், அவளால் தாங்க முடியாது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னான். நோரா அவர்களை விட்டு அவளிடமே குனிந்து மறுபடி கேட்டாள். தர்மினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு "வேண்டாம்" என்றாள்.

குழந்தையைக் கிருஷிகனும் இரண்டு நண்பர்களும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெண்கள் போவதில்லை என்று அம்மா சொன்னார். தர்மினிக்கு அப்போது எழும்பி நிற்கவும் பலம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் அம்மருட்டிலுள்ள தங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா வந்திருந்தார். அதே தொடர்மாடியில் இரண்டு மாடி கீழே இருந்தவர், நவம்பருக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சமைத்துக்கொண்டு மேலே வருவார். கிருஷிகனும் வேலையால் வந்துவிட்டான். மூவரும் சாப்பிட இருந்தார்கள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போறன்" என்றாள் தர்மினி. "அந்த மருத்துவிச்சியைக் கண்டு, படம் ஏதும் எடுத்து வைச்சிருக்கினமோ எண்டு கேக்கப்போறன்."

கிருஷிகன் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தான். "ஏன் இப்ப?"

"எனக்குப் பாக்கோணும்."

"இப்பதான் நீ கொஞ்சம் நித்திரை கொள்ளுறாய், தர்மி. இப்பதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாய். திரும்பவும் சுகயீன லீவு எடுத்துக்கொண்டு கட்டிலிலை கிடக்கப்போறியா?"

"நீ பாத்தனி. தூக்கினனி. நீ சொல்லலாம்."

அவன் எழும்பிப் போய்க் கையைக் கழுவினான். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அம்மா மருமகன் போன பக்கம் பார்த்துத் தாழ்ந்த குரலில், "தம்பியோடை சண்டை பிடிக்காதை" என்றார். "மறக்கிறதுதான் வழி, பிள்ளை. வேறை வழி இல்லை."

"நீங்கள் மறந்திட்டீங்களோ?"

தர்மினிக்கு முன்னர் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஊரில் போரின்போது இடம்பெயர்ந்து போகும் வழியில் காய்ச்சலில் இறந்தது. அதை ஒரு பெரியம்மா சொல்லித்தான் தர்மினிக்குத் தெரியும். அம்மாவும் மகளும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அம்மா சோற்றுக் கோப்பையை மற்றக் கோப்பையின் மேல் அடுக்கினார். பிறகு அதைத் திரும்ப எடுத்துக் கீழே வைத்தார்.

"அவன்ர முகம் எனக்கு இப்ப வருகுதில்லை" என்றார். "எவ்வளவு யோசிச்சாலும் வராது. அது நல்லதுதான்." விரலால் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். "நல்லதெண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

அதற்குப் பிறகு அவர் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச்சில் நோரா ஒரு மத்தியானம் அவளைச் சந்திக்கச் சம்மதித்தாள். கிருஷிகன் வரமாட்டான் என்றே தர்மினி நினைத்திருந்தாள். ஆனால் அவள் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸால் இறங்கியபோது அவன் வேலை உடுப்போடு அங்கே நின்றான். இருவரும் உள்ளே போனார்கள்.

நோராவுக்கு ஐம்பது வயது இருக்கும். சிறிய அறை ஒன்றில் மூன்று கதிரைகளை நெருக்கிப் போட்டிருந்தாள். தர்மினி கேட்பதற்கு முன்னரே அவள் சொல்லிவிட்டாள்.

"படம் இல்லை. மன்னியுங்கள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அதனால் நாங்கள் எடுக்கவில்லை. கால் அச்சும் எடுக்கவில்லை."

தர்மினி தலையை ஆட்டினாள். வரும் வழி முழுக்க இந்தப் பதிலுக்குத் தன்னைத் தயார் செய்திருந்தாள். தொட்டிலில் இருந்த அந்தக் கலக்கம் நினைவுக்கு வந்தது. ரிஸ்னெஸுக்கு அதுவாவது இருந்தது.

"ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றாள் நோரா. "உங்கள் மகளைக் குளிப்பாட்டியது நான்தான். சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள்."

"நிறையத் தலைமயிர். நல்ல கறுப்பு. ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்ததும் சுருண்டுவிட்டது. விரல்கள் நீளம். கைகளைத்தான் நான் முதலில் கவனித்தேன். நித்திரையில் இருந்து எழுப்பிவிட்டதுபோல புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள், கொஞ்சம் கோபமாக. மூக்கு உங்களுடையது. தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும் என்று பார்த்துத்தான் குளிப்பாட்டினேன். அது தேவையில்லை, எனக்குத் தெரியும். ஆனால் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. பிறகு மஞ்சள் தொப்பி ஒன்று போட்டுவிட்டேன். இங்கே முதியவர்கள் சிலர் பின்னித் தருவார்கள்."

"பச்சை" என்றான் கிருஷிகன்.

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொப்பி பச்சை" என்றான் மறுபடி. பிறகு தர்மினியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். "பச்சைத் தொப்பி, தர்மி. காதுக்கு மேலாலை வழுகி வழுகி விழுந்தது. நான் நாலைஞ்சு தரம் திருப்பித் திருப்பிப் போட்டனான். இடது காதிலை ஒரு மச்சம் இருந்தது, கடுகு மாதிரி. உன்ர அம்மாவுக்கு இருக்கிற மாதிரி. மயிர் சுருள் இல்லை. இவ பிழையாச் சொல்லுறா. நேர் மயிர்தான்."

"சுருள் எண்டு சொன்னாவே."

"நான்தானே கையிலை வைச்சிருந்தனான். கார் வரைக்கும் வைச்சிருந்தனான்."

தர்மினி அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் அழத் தொடங்கினான். நவம்பருக்குப் பிறகு அவன் அழுததை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. நண்பர்கள் வந்தபோதும் அழவில்லை. பெரிய சத்தத்தோடு, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளைபோல அழுதான். நோரா எழுந்து போய் ஒரு போத்தல் தண்ணீரும் கடதாசித் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் அவள் கேட்டாள். "பெயர் வைத்திருந்தீர்களா?"

"யாழ்" என்றாள் தர்மினி.

"யால்?"

"யாழ்."

நோரா மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் வரவில்லை. கிருஷிகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினான். அப்போதும் வரவில்லை.

"வீட்டில் பழகுகிறேன்" என்றாள் நோரா.

அருங்காட்சியகத்தில் சுவரொட்டிக்கு வேறு படம் தெரிவானது. நாய்க்குட்டியைக் கட்டிப்பிடித்த சிறுமி. கண்காட்சியில் ரிஸ்னெஸின் பகுதியை எப்படி அமைக்கலாம் என்று தர்மினியும் ஸொல்வியும் பல நாட்கள் விவாதித்தார்கள். 'தூங்கும் குழந்தை' என்ற பெயரை எடுத்தார்கள். தகட்டை வைத்திருந்த குடும்பத்தோடு கதைத்து, அவர்களுடைய சம்மதத்தோடு, 'மார்தெ ரிஸ்னெஸ், தகப்பன் எடுத்தது' என்று எழுதினார்கள். பக்கத்தில் 'பிழையாய்ப்போன முயற்சிகள்' மூன்றையும் மங்கிய வெளிச்சத்தில் வைத்தார்கள். அவற்றுக்குக் கீழே தர்மினி எழுதிய குறிப்பு மிகவும் சிறியது. இவை பிழையாய்ப்போன படங்கள் அல்ல, உயிரோடிருந்த ஒரு குழந்தை அசைந்ததன் பதிவு. இவளுடைய மரணத்துக்குப் பிறகே ரிஸ்னெஸ் வேகத் தகட்டைத் தேடத் தொடங்கினார். மற்றப் பெற்றோரின் பிள்ளைகளை அவர்கள் அசைகிறபோதே அவர் எடுத்தார். இது ஊகமா என்று ஸொல்வி கேட்டாள். முதல் வரியும் கடைசி வரியும் ஊகம் இல்லை, நடுவில் உள்ளது என் நம்பிக்கை என்றாள் தர்மினி. அந்த நடு வரியில் 'என்று கருதலாம்' என்ற சொற்களைச் சேர்த்தார்கள்.

நோராவைச் சந்தித்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது, கிருஷிகன் காரைத் திறக்காமல் சற்று நேரம் நின்றான்.

"இடத்தைப் பாக்கப் போறியா?" என்று கேட்டான்.

கல்லறைத் தோட்டம் நகரத்தின் கிழக்கே, பெரிய மரங்களுக்கு நடுவில் இருந்தது. பனி இன்னும் உருகவில்லை. குழந்தைகளின் பகுதியில் சின்னச் சின்னக் கற்களும் பலகைகளும் முழுக்கப் புதைந்துபோய், எல்லாம் ஒரே வெள்ளை வயல்போலக் கிடந்தன. எங்கே தேடுவது என்று தர்மினிக்கு விளங்கவில்லை. கிருஷிகன் நிற்கவுமில்லை, சுற்றிப் பார்க்கவுமில்லை. முழங்காலளவு பனிக்குள் நேரே நடந்துபோய் ஓரிடத்தில் குனிந்தான். கையாலே பனியை விலக்கினான். சின்னப் பலகை ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றி முன்பும் பல தடவை பனி விலக்கப்பட்டு, மறுபடி உறைந்து, வரம்புபோல நின்றது.

"நீ இஞ்சை வாறனியா?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமையிலை."

"சனிக்கிழமை நீ லோறென்ஸ்கூக்கிலை பந்தடிக்கப் போறதெண்டெல்லோ சொன்னனி?"

அவன் பலகையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இவன் தனியே வந்து தன் பிள்ளையோடு இருந்திருக்கிறான். அவள் அம்மருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். "எனக்கேன் சொல்லேல்லை?" என்று கத்தினாள். தூரத்தில் பனி வாரிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கேக்கேல்லை."

"நீ சொல்லியிருக்கோணும்!"

"ஓம்" என்றான். "சொல்லியிருக்கோணும்."

அவள் பனிக்குள் முழங்காலில் இருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பலகையில் கையை வைத்தாள். மரம் எரிக்கிற குளிராக இருந்தது. கையை எடுக்கவில்லை. கிருஷிகன் பக்கத்தில் வந்து இருந்தான்.

"திருப்பிச் சொல்லு" என்றாள் அவள். "முதல்லை இருந்து. நெத்தியிலை இருந்து."

அவன் சொல்லத் தொடங்கினான்.